ஒன்பது மாத்திரை

அறுபது தாண்டியவர்களுக்கு எல்லா மருந்தும் இலவசம். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சவரிமுத்து மாதந்தோறும் இலவச மருந்தகத்து இயந்திரத்தில் கைரேகை வைப்பார். நாளுக்கு ஒன்றென இதயத்துக்கான மாத்திரை முப்பது விழும். இந்த மாதம் ஒன்பதுதான் விழுந்தது.

"மீதி எங்கம்மா?" என்று கவுண்டரில் இருந்த கோமளத்திடம் கேட்டார்.

"தேவைப்படுற அளவுதான் குடுக்கும், ஐயா. வீணாகக் கூடாதுல்ல. போன மாசம் எங்க மாமியாருக்கு ஆறுதான் வந்துச்சு."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"ஆறாம் நாள் ராத்திரி தவறிட்டாங்க, ஐயா." கோமளம் எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டாள்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "எல்லாம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது," என்றார். அவள் அடுப்படிக்குப் போனதும், ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதியை மட்டும் விழுங்கினார். மறு பாதியை நாளைக்கென்று காகிதத்தில் மடித்து வைத்தார்.