ராஜா சாப்பிடும் நேரம்

சர்ச்சிலிருந்து திரும்பிய ஞாயிறு மதியம். அமெரிக்காவில், சுகர் லேண்ட் வீட்டில் ஏசுராஜ் மட்டும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். மனைவி ஜெயலீலா ரசக் கரண்டியோடு அவர் அருகில் நிற்கிறாள். ஜன்னல் வெயில் தட்டு வரை வந்திருக்கிறது. மேஜையின் மறுகோடியில் மகள் பியூலா ஹிஸ்டரி டெஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். “டாடி, இந்த பிரெஞ்ச் கிங் மட்டும் உக்காந்து சாப்பிடுவாராம். நோபிள்ஸ் எல்லாம் சுத்தி நிப்பாங்களாம்.” “ஏன் நிக்கறாங்க?” என்கிறார் ஏசுராஜ், அப்பளத்தை நொறுக்கியபடி. “யாரும் ஃபோர்ஸ் பண்ணல டாடி. தே தாட் இட் வாஸ் ஆன் ஆனர். அத பெருமையா நெனச்சாங்களாம்.” கேசட் பிளேயரில் ஓடிய கீர்த்தனை முடிந்து பொத்தான் டக்கென்று எழும்புகிறது. அவர் கை சோற்றிலேயே நிற்கிறது. பிறகு இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்துவிட்டு, தட்டைப் பார்த்தபடியே சொல்கிறார்: “உக்காரேன், லீலா.” “இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க” என்று ரசத்தை ஊற்றுகிறாள் ஜெயலீலா. நின்று பரிமாறிய பதினாறு வருஷத்தில் இன்றைக்குத்தான் தன் கால் வலிப்பது அவளுக்குத் தெரிகிறது.