இன்ஜின் ஆறும் வரை

பானெட்டின் மேல் கையை வைத்ததுமே அவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நன்றாகவே சுட்டது.

பழைய கார் வாங்குகிறவர்கள் சார்பில் போய் வண்டியைச் சோதித்துச் சொல்வதுதான் அவர் தொழில். விற்கிறவர்கள் வட்டாரத்தில் அவருக்கு 'சந்தேகம்' என்றே பெயர். அவர் உதட்டைப் பிதுக்கினால் போதும், பாதிப் பேர் விலையைத் தானாகவே இறக்கிவிடுவார்கள்.

நேற்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ராத்திரியிலிருந்து இன்ஜினைத் தொடாதீங்கம்மா. ஆறின இன்ஜினை நான்தான் முதல்ல ஸ்டார்ட் பண்ணணும். சூடா இருந்துச்சுன்னா, ஆறுற வரைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் நான் அங்கயே பழியாக் கிடக்கணும். என் பொழப்பைக் கெடுத்துடாதீங்க."

"சரி தம்பி" என்று சமர்த்தாகச் சொன்ன அதே அம்மாள்தான் இப்போது ஷெட் வாசலில் ஒன்றும் தெரியாதது போல நிற்கிறார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். விற்கப்போவது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்.

ஆறின இன்ஜினை எழுப்பினால்தான் அதன் இருமலும் புகையும் வெளியே வரும். சூடான இன்ஜின் எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். அதற்காகவே காலையில் ஓடவிட்டு வைக்கிற ஆசாமிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். படித்த அம்மாளுமா இப்படி?

"யார் ஸ்டார்ட் பண்ணினது?"

"யாருமில்லையே தம்பி. வெயில்ல சூடாகியிருக்கும்."

ஷெட்டுக்குள் ஏது வெயில்? அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

வாங்கப்போகிறவரைப் போனில் பிடித்து விஷயத்தைச் சொன்னார். அவர் ஒரு கம்பெனி முதலாளி. பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். ஏதோ கோளாறு இருக்கிறது, விட்டுத் தள்ளுங்கள் என்றார். ஆறின பிறகு பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை என்பது சந்தேகத்தின் கொள்கை. பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, ஷெட்டிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாளே டீ போட்டுக் கொண்டுவந்தார். விற்கிறவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்பது இன்னொரு கொள்கை. வேண்டாம் என்றார்.

டாக்டரம்மா எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பேச்சா அது! மடை திறந்த மாதிரி. காரை ஓட்டியதெல்லாம் டாக்டரம்மாதானாம். வீட்டுக்காரருக்கு ஓட்டவே வராது. பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டே வருவாராம். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இப்போது எந்த வேகத்தில் போனாலும் மெதுவா என்று சொல்ல ஆளில்லை, அதனால்தான் விற்கிறாராம்.

இரக்கத்தைக் கிளறி விலையை ஏற்றப் பார்க்கிறார் என்று சந்தேகம் நினைத்துக்கொண்டார். 'உம்' கூடக் கொட்டவில்லை.

டாக்டரம்மா அதைப் பொருட்படுத்தவே இல்லை. "வேலை பார்த்த காலம் பூரா, வாயைப் பொளந்துகிட்டு உக்காந்திருக்கறவங்ககிட்டயே பேசிப் பழகிட்டேன். பதிலே வராது. அப்பல்லாம் அது பெரிசாத் தெரியல" என்றார்.

சந்தேகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

நடுவில் எழுந்து டயர், பிரேக், அடிப்பக்கத் துரு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். டார்ச் பிடிக்கிறேன் என்று டாக்டரம்மாவும் கூடவே சுற்றினார். கேட்டில் இடித்து விழுந்த கீறலைத் தானே காட்டிக்கொடுத்து, அதற்காக வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட கதையையும் சொன்னார். ஏமாற்றுகிற ஆள் கீறலைக் காட்டுவாரா? சந்தேகத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருவழியாக இன்ஜின் ஆறியது. ஸ்டார்ட் செய்தார். முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. நன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு குற்றம் சொல்ல முடியவில்லை.

மறைக்க எதுவுமே இல்லாத வண்டியில் இந்த அம்மாள் எதை மறைத்தார்?

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"வண்டி தங்கம்தாம்மா. ஆனா நீங்க சொன்னது பொய். காலையில ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க. ஏன்னு தெரியாம, வாங்குங்கன்னு நான் சொல்ல முடியாது. இந்த ஒரு பொய்யால வியாபாரமே போயிடும்."

டாக்டரம்மா ஆறிப்போன டீ டம்ளரைக் கையில் எடுத்தார். மறுபடி வைத்தார்.

"வண்டி பார்க்க வந்தவங்க எல்லாரும் வாசலோட நின்னு பார்த்துட்டுப் போயிட்டாங்க தம்பி. மத்தபடி இந்த வீட்டுக்கு ஈ காக்கா வர்றதில்ல. வண்டியும் போயிட்டா அதுவும் கிடையாது." டம்ளரை ஓரமாக நகர்த்தினார். "நீங்கதானே சொன்னீங்க, சூடா இருந்தா ஆறுற வரைக்கும் இங்கயே இருப்பேன்னு."

 சந்தேகம் போகிற இடத்தில் எல்லாம், இந்த ஆள் எப்போது கிளம்புவான் என்றுதான் பார்ப்பார்கள். அவரை இருக்க வைப்பதற்காக யாரும் பொய் சொன்னதில்லை. ஒண்டிக்கட்டையான அவர் போய்த்தான் தன் வீட்டு விளக்கையும் போட வேண்டும்.

போனை எடுத்தார். "தாராளமா வாங்கலாம் சார். சூட்டுக்குக் காரணம் தெரிஞ்சுபோச்சு. அதுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்ல" என்று சொல்லி வைத்தார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர், பானெட்டின் மேல் ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தார்.

"மறுபடியும் சூடாயிடுச்சேம்மா" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டீ குடுங்க. இது ஆறுற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல."