இருபத்து நாலாயிரத்துக்கு ஒரு பிரிண்டர்

“இதுக்குள்ள இருக்கிற மை எத்தனை பக்கம் வரும்?” என்று கேட்டாள் நியாபோக்கே.

“நல்லா வரும் அக்கா” என்றான் கடைக்காரன் கிதாய்கா.

“நல்லான்னா எத்தனை?”

கிதாய்கா மாடு விற்பவனைப் போல பிரிண்டரின் முதுகைத் தட்டிக்கொடுத்தான். ஏழாயிரத்து ஐநூறு ஷில்லிங். நைரோபி முழுக்க அலைந்தாலும் இதற்குக் கீழே கிடைக்காதாம்.

“கூட வர்ற மை நாப்பது பக்கம். அப்புறம் புது டப்பா மாத்தணும்.”

டப்பாவின் விலையைக் கேட்டாள். சொன்னான். கறுப்பும் கலரும் சேர்ந்தால் பிரிண்டர் விலையில் பாதிக்கு மேல் போனது.

“அப்ப இது பிரிண்டர் இல்ல, டப்பா விக்க வெச்ச எலிப்பொறி. அடுத்ததைக் காட்டு.”

பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த நஃபுலா சிரித்தாள்.

நஃபுலா காவலுக்கு வந்தவள். பன்னிரண்டு பெண்கள் மாதம் இரண்டாயிரம் போடும் சீட்டில் இந்த மாதம் நியாபோக்கேவின் முறை. சீட்டுப் பணம் வீட்டுக்குப் பொருளாக மாற வேண்டும். மாறுகிறதா என்று பார்க்க இன்னொருத்தி கூடவே போக வேண்டும். அவர்களாக வைத்துக்கொண்ட சட்டம் அது. போன மாதம் நஃபுலா கேஸ் அடுப்பு வாங்கினாள். அதற்கு முன்னால் ஒருத்தி தண்ணீர்த் தொட்டி வாங்கினாள். பிரிண்டர் என்று இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

நியாபோக்கே முடிவு செய்துவிட்டாள். இனி மகள் பொசிபோரி, இன்டர்நெட்டும் பிரிண்டும் விற்கும் சைபர் கடைக்குப் போகக் கூடாது. ஒரு நாள்கூட.

பொசிபோரிக்குப் பன்னிரண்டு வயது. ஆறாம் வகுப்பு. நாலு மணிக்கு மேல்தான் டீச்சருக்கு எல்லாம் ஞாபகம் வரும். அம்மாவின் போனுக்குச் செய்தி அனுப்புவாள். நாளைக்கு மண்ணரிப்பு, ஐந்து வகை, கலர் படம், வெட்டி ஒட்ட வேண்டும். நாளைக்கு ஏரி மீன்கள். படம் இல்லாத பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை.

தையல் ஆலையில் ஏழு மணி வரைக்கும் ஊசியோடு இருக்கும் நியாபோக்கே, அந்தச் செய்தியை சைபர் கடைக்காரனுக்கு அனுப்புவாள். மகள் போய் அச்சடித்து வாங்கி வருவாள்.

“இது பொடி போட்டு அடிக்கிறது” என்று கிதாய்கா அடுத்ததைத் திறந்தான். “பொடி தீர்ந்தா ஆயிரம் ஷில்லிங்குக்கு நிரப்பிக்கலாம். ஆயிரத்து ஐநூறு பக்கம் ஓடும்.”

“கலர் வருமா?”

“கறுப்பு மட்டும்.”

“மீனெல்லாம் கறுப்புதான்னு நீ வந்து அந்த டீச்சர்கிட்ட சொல்றியா?”

அவன் பெருமூச்சு விட்டு, மேல் தட்டிலிருந்து மூன்றாவதை இறக்கினான். பக்கவாட்டில் நாலு சின்னத் தொட்டி. புட்டியில் வரும் மையை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தடவை நிரப்பினால் கலரில் ஆறாயிரம் பக்கம்.

விலை இருபத்து நாலாயிரம். சீட்டுப் பணம் மொத்தமும்.

“மை எங்க பக்கத்துல கிடைக்குமா?”

“எல்லா ஊர்லயும் கிடைக்கும் அக்கா.”

“தீரப்போகுதுன்னு முன்கூட்டியே தெரியுமா? நாளைக்குப் படம் வேணும்கிற நேரத்துல நின்னுட்டா?”

“இந்தா, கண்ணாடி வழியா அளவு தெரியும்.”

“என் போன்லேர்ந்தே அடிக்குமா?”

அவளுடைய போனிலிருந்தே ஒரு மீனை அடித்துக் காட்டினான். அவள் ஈர விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள்.

“ஒண்ணு மட்டும், அக்கா. வாரத்துக்கு ஒரு பக்கமாவது அடிக்கணும். சும்மா போட்டா மை காய்ஞ்சு அடைச்சுக்கும்.”

“சும்மா இருக்காது. கட்டு.”

“நில்லு, நில்லு” என்றாள் நஃபுலா. வெங்காயம் விற்கிறவள். கணக்குக்குத் தாள் வேண்டாம். “வாரத்துக்கு எத்தனை படம்டி?”

“அஞ்சு.”

“சைபர்ல கலர் முப்பது. வாரம் நூத்தம்பது. லீவு நாளைக் கழிச்சா, போட்ட காசு திரும்பி வர நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள உன் மக உன்னைவிட உசரமாயிடுவா. பேசாம அடுப்பு வாங்கு. உனக்கு முப்பது ஷில்லிங் பாரம்னு மத்தவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?”

கிதாய்காவின் முகம் விழுந்தது. துணியை எடுத்து, தூசியே இல்லாத பிரிண்டரைத் துடைத்தான்.

நியாபோக்கே பணத்தை மேசையில் வைத்தாள்.

“முப்பது இல்ல” என்றாள்.

“ஏத்திட்டானா?”

“மூணு வாரமா பொசிபோரிகிட்ட அவன் காசே வாங்கறதில்ல. எல்லாரையும் அனுப்பிடறான். இவளைப் பக்கத்துல உட்கார வெச்சு, கடைசியாத்தான் அடிச்சுக் கொடுக்கிறான்.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

நஃபுலா பெட்டியிலிருந்து எழுந்தாள். கடைக்காரனிடம் கேட்டாள். “தம்பி, ஒரே சாயங்காலத்துல இது எத்தனை பக்கம் தாங்கும்?”

“நூறுகூட அடிக்கலாம் அக்கா. ஏன்?”

அந்த சைபர் கடைக்குப் போகும் தங்கள் காம்பவுண்டுப் பிள்ளைகளின் பேர்களை முணுமுணுத்தபடி நஃபுலா ஒவ்வொரு விரலாக மடக்கினாள். பத்து விரலும் தீர்ந்து, மறுபடியும் கட்டைவிரலுக்கு வந்தாள்.

எல்லாம் பெண் பிள்ளைகளின் பேர்கள்.