ரங்கூன் கடிதம்

“அன்புள்ள அம்மாவுக்கு மகன் மண்ணாங்கட்டி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம்...”

மாசிலாமணி படிக்கப் படிக்க, வாசற்படியில் குந்தியிருந்த கெங்கம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. மந்தைவெளியில் மீன் விற்றுத் தீர்ந்த வெறுங்கூடை பக்கத்தில் கிடந்தது. மகன் ரங்கூன் அரிசி ஆலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எழுத்து தெரியாத அவளுக்கு மாசாமாசம் மாசிலாமணிதான் படித்துச் சொல்கிறான்.

“இன்னொரு தபா படி சாமி,” என்றாள். எப்போதும் இரண்டு தரம் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி.

இப்படி ஒரு வாசகி எந்த எழுத்தாளனுக்குக் கிடைப்பாள்? மாசிலாமணியும் எழுத்தாளன்தான், அவனைக் கேட்டால். ஆறு வருஷத்தில் நாற்பது கதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருக்கிறான். நாற்பதும் ‘இடமின்மைக்கு வருந்துகிறோம்’ என்ற சீட்டோடு வீடு திரும்பின.

திரும்பி வராதவை இந்தக் கடிதங்கள் மட்டுமே. இவற்றையும் அவன்தான் எழுதினான்.

சித்திரையில் ஆலையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. வாந்திபேதியில் மண்ணாங்கட்டி இறந்துபோனான் என்று நாலே வரி. “இன்னா சாமி எழுதிக்கீது?” என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டபோது, “சௌக்கியமா இருக்கானாம்” என்று அவன் வாயில் வந்துவிட்டது.

முதல் மூன்று குழந்தைகளையும் பறிகொடுத்தவள் அவள். யமன் கண்ணில் படக்கூடாதென்றுதான் நாலாவதற்கு அந்தப் பெயரை வைத்தாள். உண்மையைச் சொன்னால் அன்றே உயிரை விட்டுவிடுவாள் என்று பயந்தான். குப்பத்துக்குத் தபால் சரியாக வராது, இனி என் விலாசத்துக்கே வரட்டும் என்றும் சொல்லிவைத்தான்.

அது ஆச்சு எட்டு மாசம். பொய் என்று உறுத்தினாலும், தன் கதைகள் எதிலும் வராத உயிர் இந்தக் கடிதங்களில் வந்துவிட்டதாக அவனுக்கு உள்ளூரப் பெருமை. அந்தப் பெருமையை நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருக்கும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி படித்தான். “போன ஞாயிற்றுக்கிழமை சுறா வாங்கிக் குழம்பு வைத்தோம். அவசரமாகத் தின்றதில் முள் தொண்டையில் குத்திவிட்டது. நீ இருந்தால் சோற்றை உருட்டிக் கொடுத்து விழுங்கச் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்...”

கெங்கம்மாவின் உதடுகள் நின்றன.

“சுறாவா? சுறாவுக்கு ஏது சாமி முள்ளு?”

மாசிலாமணி பரம்பரைச் சைவம். மீன் என்றால் முள் இருக்கும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“அது... அவன் அப்படித்தான் எழுதியிருக்கான் கெங்கம்மா. வேற மீனா இருக்கும்.”

அவள் மெதுவாக எழுந்து கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். மாசிலாமணி கடிதத்தை அவசரமாக மடித்தான்.

“அத்த வாளைன்னு மாத்தி எழுதிடு சாமி.”

“நானா... நான் எதுக்கு...”

“எம் புள்ள பூட்டான்னு ஆடி மாசமே தெரியும். கப்பல்ல வந்தவங்க சொல்லிட்டாங்க.”

அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் ஆடியிலேயே அழுது தீர்ந்திருந்தது.

“தெரிஞ்சுமா மாசாமாசம் வந்து கேட்டே?” என்றான் அவன்.

“கடல்ல முப்பது வருசம் மீன் புடிச்ச மனுசன், கை கால் வராம வூட்ல படுத்துக்கினு கீறாரு. நீ படிக்கறத அப்டியே போயி அவருக்குத்தான் சொல்றேன். அவன் நைனாவுக்கு இன்னும் தெரியாது சாமி.”