பத்துக்கு ஆறு புள்ளி எட்டு

"பத்துக்கு ஆறு புள்ளி எட்டுன்னா பாஸ்தானே, டாக்டரம்மா?"

கேட்டவர் டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. முழங்கால் இரண்டும் காய்த்துப்போயிருந்தன, சட்டைக் கையில் சிமெண்ட் காய்ந்திருந்தது. வெளியே ஐம்பது பேர் முனகிக்கொண்டிருக்க, மனிதர் ரத்தப் பரிசோதனைக்கு மார்க் கேட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள். அந்த ஆறு புள்ளி எட்டு கிரியாட்டினின் அளவு. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது அங்கே போய் நிற்கிறது என்றால், சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய வேலையை விட்டுவிட்டன என்று அர்த்தம்.

ரிப்போர்ட் மடித்து மடித்து நைந்திருந்தது. பேரும் தேதியும் இருக்க வேண்டிய மேல் ஓரம் கிழிந்துபோயிருந்தது.

"இது எப்ப எடுத்தது?"

"எங்க வீட்ல இருக்கிறது இது ஒண்ணுதாம்மா."

கரண்டி, மட்டப்பலகையோடு பையில் கிடந்து கிழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. சில பேருக்குக் கடைசி வரைக்கும் உடம்பு மூச்சுக் காட்டாது.

"இது பரீட்சை மார்க் இல்ல. ஏற ஏறத்தான் ஆபத்து."

"அப்படியா? இன்னும் கொஞ்சம் ஏறினா நல்லதுன்னு வீட்ல எல்லாரும் நெனச்சுட்டிருந்தோம். அக்கம்பக்கத்துலகூடச் சொன்னோம்."

முன்பென்றால் "புரிஞ்சுதா?" என்று கேட்டிருப்பாள், "புரிஞ்சுது" என்றிருப்பார், அடுத்த டோக்கன் உள்ளே வந்திருக்கும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க விடுவதில்லை.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"முட்டி வலிக்கு?"

"அதுவா? அது எப்படி மாத்திரைக் கணக்குல வரும்? கடையில கேட்டா குடுக்கிறது. காலைல டீயோட ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. அது இல்லாம எங்க தொழில்ல யாரால குனிய முடியும்?"

சட்டைப்பையிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்து, தானாக வாங்கினால் அது டீக்கும் பன்னுக்கும் தோழன். அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மேடம், வெளியில சத்தம் போடுறாங்க."

"போடட்டும்."

நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். படித்த படிப்பெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது, இந்த மனிதருக்கான வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. தப்பாகப் பேசினால் ஒரு உயிர் போய்விடும்.

"குளியலறையில டைல்ஸ் போட்டா, தண்ணி போறதுக்கு ஓரமா ஒரு ஓட்டை விட்டு, சல்லடை மூடி போடுவீங்கல்ல?"

"வாட்டம் பாத்துப் போடணும்."

"அந்தச் சல்லடைதான் உங்க கிட்னி. உடம்புல சேர்ற அழுக்கு அது வழியாத்தான் வெளிய போகணும். நீங்க போடுற வலி மாத்திரை, அதுல தினமும் சிமெண்ட் பால் ஊத்துற மாதிரி."

அவர் நிமிர்ந்தார். "இறுகிடுமே."

"இறுகிடுச்சு. இந்த நம்பர், வெளிய போகாம தேங்கி நிக்கிற அழுக்கு. ஒரு அடி நிக்க வேண்டிய எடத்துல ஏழு அடி நிக்குது. இப்ப நீங்க சொல்லுங்க, என்ன புரிஞ்சுது?"

அவர் மேஜையில் கிடந்த மாத்திரை அட்டையைத் தள்ளி வைத்தார். பிறகு வேலைக்கு அளவு சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார், குரல்தான் நடுங்கியது.

"நம்பர் ஏறினா ஆபத்து. முட்டி மாத்திரையும் மாத்திரைதான். அதப் போடப் போட சல்லடை அடைச்சுக்கும். அப்பவே நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரியில சேர்ந்திருந்தா ஆள் பொழைச்சிருக்கும்."

"பொழைச்சுக்கலாம். பயப்படாதீங்க," என்று அவரைத் திருத்தினாள். ஒரு வழியாகப் புரிய வைத்துவிட்டோம் என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மளமளவென்று அட்மிஷன் சீட்டை எழுதி நீட்டினாள். "படுக்கை ஒண்ணு இருக்கு. வீட்டுக்கு போன் பண்ணிட்டு இப்பவே சேர்ந்துடுங்க."

அவர் சீட்டை வாங்கவில்லை.

"எனக்கு வேணாம்மா. அந்த ரிப்போர்ட் எங்கண்ணனோடது. நானும் அதே தொழில், அதே மாத்திரை. அதான் என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்."

அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். "ஏங்க, இத மொதல்ல சொல்லக்கூடாதா? அவர் எங்க இருக்கார்? ஆட்டோ வெச்சாவது உடனே கூட்டிட்டு வாங்க."

"அவர் போயி பதினோரு மாசம் ஆச்சு."

டாக்டரம்மாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இவ்வளவு மோசமான ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு, ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டக்கூடாதா?"

"உங்ககிட்டதாம்மா காட்டினார்."