எட்டு மணிக் குளிர்

"அக்கா, இன்னைக்கு நீங்க அந்தப் பெட்டிகிட்ட போகவே கூடாது. நான் இங்கயே உட்காந்து பார்க்கப் போறேன்."

துடைப்பத்தோடு நின்ற மாரியாயி திரும்பிப் பார்த்தாள். காலை ஆறு மணி. பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், டை கட்டிய யோகநாதன் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில், ஏர்கானைத் தானாகவே இயக்கும் புதுப் பெட்டி. 1992இல் அந்த மாதிரிப் பெட்டி அந்த வட்டாரத்துக்கே புதிது.

"நான் எதுக்கு சார் அதத் தொடுறேன்? எனக்குக் குளிரே ஆகாது. சுவெட்டர் போட்டுக்கிட்டுத்தான் கூட்டுறேன்."

"தொடாம எப்படி ஓடும்? எட்டு மணின்னு வச்சிருக்கு. திங்கக்கிழமை ஆறரைக்கு வந்து பார்த்தா ஓடிக்கிட்டு இருக்கு. கட்டடத்துல இருந்தது நீங்க ஒரு ஆள்தான்."

அதை அவர் அன்றைக்கே துப்புரவு சூப்பர்வைசரிடமும் சொல்லியிருந்தார். சொன்ன வேகத்தில் மாரியாயிக்கு உத்தரவு வந்துவிட்டது: வெள்ளிக்கிழமையோடு வர வேண்டாம். இன்று வெள்ளி.

யோகநாதன் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டியின் மூடியில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு வைத்தார். புதன் காலையில் கையெழுத்தும் கலையாமல் இருந்தது, ஏர்கானும் ஓடிக்கொண்டிருந்தது. ஆவி காட்டிக் காகிதத்தை உரித்து மறுபடி ஒட்டியிருப்பாள் என்று முடிவு கட்டினார். ஐம்பத்திரண்டு வயதில் தனக்கு இப்படி ஒரு துப்பறியும் மூளையா என்று அவருக்கே பெருமையாக இருந்தது.

"ஒம்பது மணிக்கு எனக்கு உள்ள மீட்டிங் இருக்கு அக்கா. காஜாங், காப்பார்னு எல்லா எடத்துலேருந்தும் ஆள் வராங்க. இது ஏன் முன்னாடியே ஓடுதுன்னு கேப்பாங்க. பதில் தெரியலன்னா என் மானம் போயிரும்."

"உங்களயுமா விசாரிக்கிறாங்க?" மாரியாயியின் குரல் இளகியது. இந்த வாரம்தான் வர ஆரம்பித்த இந்த மனிதர் யார் என்று அவளுக்குத் தெரியாது. டை கட்டியிருந்ததால் 'சார்' என்று கூப்பிட்டாள். "பாவம் லா."

யோகநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறே முக்காலுக்குப் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். உட்கூரைக்கு மேலே ஏதோ உறுமியது. குளிர்ந்த காற்று மெல்ல இறங்கியது. மாரியாயி பத்தடி தள்ளி நின்று, தரைத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

யோகநாதன் எழுந்த வேகத்தில் வாளி உருண்டோடியது.

"யாரும் தொடலியே!"

"அதத்தானே நானும் சொல்றேன். ஒரு மாசமா பாக்குறேன் சார். மத்த நாள்ல ஆறே முக்காலு. திங்கக்கிழமைன்னா ஆறு பத்து. ராத்திரி மழ பேஞ்சா ஏழேகாலுக்குத்தான்."

"ஏன் அப்படி?"

"ஞாயித்துக்கிழம பூரா பூட்டிக் கெடந்து செவுரெல்லாம் சூடேறியிருக்குல்ல? ஆற நேரம் வேணாமா? ஏழு மணிக்கு வீட்டுக்காரருக்குச் சோறு வேணும்னா, ஏழு மணிக்கா சார் ஒல வைப்பாங்க? எட்டு மணிக்கு எல்லாம் ஜில்லுன்னு இருக்கணும்னு அது நெனைக்குது. எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கணும்னு நீங்க நெனைக்கிறீங்க."

"எவ்வளவு நேரம் பிடிக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மொதல்ல தெரியல. வச்ச புதுசுல அஞ்சரைக்கே ஓடுச்சு. தெனமும் பாத்துப் பாத்துப் பழகிக்கிச்சு. பெட்டியில சூடு காட்டுற அந்த நம்பரப் பாருங்க. எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, நம்பர் தெரியும். இன்னைக்கு முப்பது. திங்கக்கிழம முப்பத்திரண்டு."

யோகநாதன் பையிலிருந்து, பெட்டியோடு வந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் மாரியாயி சொன்னது அத்தனையும் இருந்தது, அவள் சொன்ன தெளிவு மட்டும் இல்லை. ஏர்கான் நன்றாக ஓடியும் அவருக்கு வியர்த்தது.

"மன்னிச்சிருங்க அக்கா. என்னை மாதிரி மடையன் இந்தக் கட்டடத்துலயே இல்ல."

"மனுசன்னா தப்பு வரும் சார். சூப்பர்வைசர்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க."

அவர் உடனே கீழே ஓடினார்.

"அப்ப யாருதான் சுவிட்ச் போட்டது?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"யாரும் இல்ல லா. அதுவேதான் போட்டுக்குது."

சூப்பர்வைசர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தவறு முழுவதும் தன்னுடையது என்று யோகநாதன் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், மாரியாயி திங்கட்கிழமை வழக்கம்போல் வரலாம் என்று ஒப்புக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு மாரியாயி தேநீர்த் தட்டோடு மூன்றாம் மாடி அறைக்குப் போனாள். நல்ல மனுசனை உள்ளே என்ன பாடு படுத்துகிறார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது. கந்தசாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, முழங்கையால் கதவைத் தள்ளினாள்.

நோட்டும் பேனாவுமாக இருபத்திரண்டு டெக்னிஷியன்கள் எழுந்து நின்று, "குட் மார்னிங், சார்!" என்றார்கள்.

கரும்பலகைக்கு முன்னால், கையில் சாக்பீஸோடு யோகநாதன் நின்றிருந்தார்.

"உட்காருங்க. இந்தப் பெட்டியப் பத்தி உங்களுக்குப் பாடம் நடத்தத்தான் கம்பெனி என்னை ஒரு வாரம் சிங்கப்பூர்ல படிக்க வச்சுது. அங்க கிளாஸ்ல ஏர்கான் ரொம்ப சுகமா இருந்துச்சு, நான் தூங்கிட்டேன்," என்றவர், சாக்பீஸைக் கதவுப் பக்கம் நீட்டினார். "அதனால முதல் பாடத்த எங்க டீச்சரே நடத்துவாங்க. அக்கா, தட்ட அங்க வச்சிட்டு வாங்க."