கூடையில் விழுந்த கட்டைகள்

"எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதிலே இல்ல மேடம். இவளுக்கு இன்னிக்கே காது மிஷின் மாட்டிடுங்க," என்றார் அப்பா.

காது பரிசோதகர் நாலு வயது மகளுக்கு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். ஸ்பீக்கரில் சத்தம் கேட்டால் கூடையில் ஒரு கட்டை போட வேண்டும்.

கட்டை விழுந்தது. சத்தத்தைக் குறைத்தார். அதற்கும் விழுந்தது. இன்னும் குறைத்தார். மறுபடியும் விழுந்தது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "சத்தமே வரல, இவ பாட்டுக்குப் போடுறா. சரியான கேடி."

பரிசோதகர் அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு மகளிடம் குனிந்தார். "அப்பா கூப்பிட்டா ஏன் கண்ணு பதில் சொல்றதில்ல?"

"சொல்றேனே. சொன்ன பிறகும் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். எனக்கு அலுத்துப்போச்சு."

"என்ன சொல்றா?" என்றார் அப்பா.

மகள் கட்டைகளை அவர் மடியில் கொட்டினாள்.